மலையில் வண்டிச் சாவி ஒடிந்தால்: டூப்ளிகேட்டா, ஷோரூம் சாவியா, லாக் செட்டா?

போன மழைக்காலத்திலிருந்து மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கொடைக்கானல் மலையில் இருக்கிற பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கும் தம்பி ஒருவன் வளைந்துபோன சாவியை நீட்டி, "நிமிர்த்தி ஓட்டலாமாண்ணே, இல்ல புதுசு வெட்டிரவா?" என்றான். பண்ணைக்காட்டில் வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு ஸ்கூட்டர் சாவி சீட் லாக்கிலேயே ஒடிந்துவிட்டது. மெக்கானிக், வண்டியின் எல்லாப் பூட்டும் சாவியும் சேர்ந்த லாக் செட்டையே மாற்றச் சொல்கிறார், அவ்வளவு தேவையா என்று கேட்டார். மூன்றாமவர் மன்னவனூர்ப் பெரியவர். அவருடைய பழைய வண்டியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கழன்று விழுகிறது. விழுந்தால் தொலையாமல் இருக்க நூல் கட்டி ஹேண்டிலோடு முடிந்து வைத்திருக்கிறார்.

நான் மெக்கானிக் இல்லை. கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புவது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் பைக்கில்தான் அலைச்சல். ஆனால் இந்த விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதம் மன்னவனூரில் ஒரு தோட்டத்தில் விலை பேசிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. மாலை 5 மணி, தூறல், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. கொடைக்கானல் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். அன்றிரவு தோட்டக்காரர் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை காய்கறி ஏற்றிப் போகும் பிக்கப்பில் மூட்டைகளோடு வண்டியையும் ஏற்றிக் கொண்டுவந்தேன். வண்டி ஏற்றிய கூலி, மெக்கானிக், புதுச் சாவி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். அன்று போயிருக்க வேண்டிய லோடு போகாததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒடிந்தது ஒரு கடையில் 100 ரூபாய்க்கு வெட்டிய சாவி. ஆனால் குற்றம் முழுக்க அந்தக் கடைக்காரருடையது என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பூட்டு இறுகித்தான் திரும்பிக்கொண்டிருந்தது. நான் சாவியை மாற்றினேன், பூட்டைத் தொடவில்லை. எந்தச் சாவி வாங்குவது என்று யோசிக்கும் முன்னால், பழையது ஏன் ஒடிந்தது என்று கண்டுபிடித்துவிடுங்கள். அது தெரியாமல் வாங்குகிற சாவி அதே இடத்தில் மறுபடி ஒடியும்.

## குற்றம் சாவியிலா, பூட்டிலா?

வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் கிடக்கும். அதை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு திரும்பினால் பூட்டு நன்றாக இருக்கிறது, ஒடிந்த சாவிதான் தேய்ந்துபோனது அல்லது மட்டமானது. இந்தச் சாவியும் இறுகினால் பூட்டுக்குள் அழுக்கோ துருவோ ஏறியிருக்கிறது. இதுவும் தொளதொளவென்று ஆடி, இஞ்சின் ஓடும்போதே உருவிக்கொண்டு வருகிறது என்றால் பூட்டின் உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்துவிட்டன. அதற்கு எந்தச் சாவியை வெட்டினாலும் தீராது.

அடுத்து, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் மேலே நிக்கல் பூசிய பித்தளை. காந்தம் பிடித்தால் ஸ்டீல். சாம்பல் நிறத்தில், சர்க்கரைக்கட்டி உடைந்தது போலப் பொரபொரவென்று இருந்தால் துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவுச் சாவி. பித்தளை ஒடிவதற்கு முன் வளைந்து காட்டும், நமக்கு நாலு நாள் கிடைக்கும். வார்ப்புச் சாவி எதையும் காட்டாமல் பட்டென்று போகும். மன்னவனூரில் என் கையில் இருந்தது அந்த ரகம்.

ஒடிந்த இடத்தையும் கவனியுங்கள். ஆழமான வெட்டு இருக்கும் இடத்தில் ஒடிந்திருந்தால், இறுகிய பூட்டில் பலம் போட்டுத் திருப்பியிருக்கிறோம். பிளாஸ்டிக் தலையும் உலோகமும் சேரும் இடத்தில் ஒடிந்திருந்தால் தலை வெடித்து ஆடியிருக்கும், அல்லது சாவிக்கொத்து கனமாக இருந்திருக்கும். மன்னவனூர்ப் பெரியவர் கொத்தில் வீட்டுச் சாவி, மோட்டார் ரூம் சாவி என்று ஆறு சாவிகளும், பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் வாங்கிய பித்தளை வேலும் தொங்கும். மேடு பள்ளத்தில் அத்தனை கனமும் பூட்டுக்குள் இருக்கும் சாவியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வரும். சாவியும் தேயும், பூட்டும் தேயும்.

மலைக்கென்றே சில காரணங்கள் உண்டு. இங்கே வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது அபூர்வம். சரிவில் சைடு ஸ்டாண்டு போட்டு ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போகிறோம். முன்சக்கரம் மெல்ல உருளப் பார்க்கும், அந்த அழுத்தம் முழுவதும் ஹேண்டில் லாக்கின் நாக்கில் விழும். திரும்பி வந்து சாவியைத் திருகினால் நாக்கு நகராது. நாம் இன்னும் கொஞ்சம் பலம் போடுவோம். நான் பார்த்த ஒடிசல்களில் பாதிக்கு மேல் இப்படி நடந்தவைதான். இடது கையால் ஹேண்டிலை லேசாக அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டே வலது கையால் சாவியைத் திருப்பினால் இரண்டு விரல் பலம் போதும்.

இன்னொன்று தேங்காய் எண்ணெய். பூட்டு இறுகினால் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விடுவது நம் பழக்கம். கீழே வத்தலக்குண்டில் அது ஓடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் சமையலறை அலமாரியிலேயே அது கட்டியாகத்தான் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் பூட்டுக்குள் மெழுகு ஊற்றி வைத்தது போல் ஆகிவிடும். பழைய இஞ்சின் ஆயிலும் கிரீஸும் ஏறக்குறைய அப்படித்தான், கூடவே மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தை விரட்டும் ஸ்பிரே அடித்துக் கழுவி, காய்ந்தபின் கிராஃபைட் தூள் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் கறுப்புப் பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். பென்சில் முனையும் கிராஃபைட்தான்.

## துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால்

எதை வாங்குவது என்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே செய்கிற தவறு, 100 ரூபாய் வேலையை 2,000 ரூபாய் வேலையாக்கிவிடும்.

பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் சுருள்கம்பி மேல் வரிசையாக நிற்கும். சாவி எந்த நிலையில் வெளியே வருமோ, அந்த நிலையில்தான் ஒடிந்த துண்டும் வரும். ஆகவே சாவி 'ஆன்' நிலையில் ஒடிந்திருந்தால், பிடுங்க முயலாமல், சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையைத் துண்டின் மேல் வைத்து மெதுவாக 'ஆஃப்' நிலைக்குத் திருப்புங்கள். இதனால் பேட்டரியும் இறங்காது. இன்னொன்றும் உண்டு. ஒடிந்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், நடுவழியில் அணைக்க அவசரப்படாதீர்கள். மெக்கானிக் இருக்கும் இடம்வரை போய் அங்கே அணைத்துக்கொள்ளலாம்.

துண்டின் நுனி வெளியே தெரிந்தால் மெல்லிய இடுக்கி போதும். உள்ளே போய்விட்டால், முதலில் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பழக்கமான மெக்கானிக்குகள் ஹேக்சா பிளேடை ஊசி போல அரைத்து வைத்திருப்பார்கள். பற்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி சாவிப் பற்களின் ஓரமாக நுழைத்து, சற்றே திருகி இழுத்தால் துண்டோடு வரும். கொடைக்கானல் மூஞ்சிக்கலில் எனக்குச் செய்துகொடுத்தவர் மூன்றே நிமிடத்தில் எடுத்தார். சாவித்துளை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வண்டியைச் சாய்க்க முடிந்தால் இன்னும் சுலபம்.

செய்யக்கூடாதது ஃபெவிக்விக் பசை. கைப்பிடியின் முனையில் தடவி உள்ளே இருக்கும் துண்டோடு ஒட்டி இழுப்பது என்று ஒரு யோசனை சுற்றுகிறது. கை அரை மில்லிமீட்டர் தவறினால் தகடுகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பூட்டையே மாற்ற வேண்டியதுதான். காந்தமும் உதவாது, பித்தளையைக் காந்தம் இழுக்காது.

வெளியே வந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு துண்டையும் ஒரு சின்ன கவரில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். பூட்டு நல்ல நிலையில் இருந்து, வேறு சாவி இல்லாவிட்டால், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தே புதுச் சாவி வெட்ட முடியும். வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்கும்போது கம்பெனிகள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். அங்கே காட்டவும் அந்தத் துண்டுகள் வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது, மறுபடி ஒடிந்தால் எங்கே நிற்பீர்கள் என்று. கொடைக்கானல் நாயுடுபுரத்துக்குள் கடைக்கும் வீட்டுக்கும் போய்வருகிறவருக்கு ஒடிந்த சாவி அரை மணி நேரத் தொல்லை. மேல்மலைக் கவுஞ்சியிலிருந்து இருட்டில் திரும்புகிறவருக்கு அது ஓர் இரவு. அதே 100 ரூபாய்ச் சாவி ஒருவருக்குச் சிக்கனம், இன்னொருவருக்கு ஆபத்து.

அடுத்து, அந்த ஒரு சாவியை எத்தனை பூட்டுகள் நம்பியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இக்னிஷன் (வண்டியை ஆன் செய்யும் பூட்டு), ஹேண்டில் லாக், டேங்க் மூடி, சீட் அல்லது சைடு பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. இக்னிஷனை எப்படியோ சமாளித்தாலும் டேங்க் திறக்காவிட்டால் பெட்ரோல் போட முடியாது. மேல்மலைப் பக்கம் அது பெரிய கஷ்டம்.

பணத்தைக் கணக்குப் போடும்போது சாவி விலையோடு மலை இறங்கி ஏறும் செலவையும், போன நாளின் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பட்டியலில் இருப்பவை நான் கொடுத்த, விசாரித்த தோராய விலைகள். வண்டிக்கு வண்டி மாறும்.

| வழி | நேரடிச் செலவு (ரூ.) | வண்டி நிற்பது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| நிமிர்த்தி ஓட்டுவது | 0 | இல்லை | அடுத்த ஒடிசல், எங்கே என்று தெரியாது |
| சாவிக்கடை டூப்ளிகேட் | 80–200 | அரை மணி | பழைய தேய்மானமும் சேர்ந்து வரும் |
| மடக்குச் சாவி | 300–500 | அரை மணி | கீல் தளரும் |
| நம்பர் வைத்து ஷோரூம் சாவி | 300–800 | இன்னொரு சாவி இருந்தால் இல்லை | ஒரு வாரம் பத்து நாள் காத்திருப்பு, இரண்டு முறை மலை இறங்குவது |
| இக்னிஷன் பூட்டு மட்டும் | 500–1,200 | அரை நாள் | வண்டிக்கு இரண்டு சாவி |
| முழு லாக் செட் | 900–2,500 | ஒரு நாள் | கூலி, போல்ட் துளைக்கும் வேலை |

## நிமிர்த்தி ஓட்டுவது

வளைந்த சாவியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த உலோகம் அந்த இடத்தில் இறுகி, மயிரிழை போல வெடிப்பும் விட்டிருக்கலாம். பற்றவைத்து ஒட்டிய சாவியும் இதே நிலைதான், ஒட்டிய இடம் தடித்துவிடுவதால் பூட்டுக்குள் சரியாகப் போகவும் செய்யாது.

வளைந்த சாவிக்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. வேறு சாவியே இல்லை என்றால், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்தி, அதை வைத்து இன்னொன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதன்பின் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

## சாவிக்கடை டூப்ளிகேட்

பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான், பூட்டு நன்றாக இருந்தால் பலருக்கும் இதுவே போதும். ஆனால் எந்தச் சாவியைப் பார்த்து வெட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெட்டும் மெஷினில் ஒரு பக்கம் மாதிரிச் சாவியும், மறுபக்கம் வெற்றுச் சாவியும் மாட்டியிருக்கும். ஒரு முள் மாதிரிச் சாவியின் பல்லைத் தடவிப் போக, அதே மேடு பள்ளத்தில் சக்கரம் மறுபக்கம் வெட்டும். எட்டு வருடம் தினமும் உழைத்துத் தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுத்தால் அந்த எட்டு வருடத் தேய்மானமும் புதுச் சாவியில் ஏறிவிடும், மெஷினின் சிறு பிசகும் சேரும். அந்தச் சாவியிலிருந்து இன்னொன்று வெட்டினால் இன்னும் கொஞ்சம் விலகும். இப்படி மூன்றாம் தலைமுறைச் சாவி பூட்டில் பாதி பிடித்துப் பாதி பிடிக்காமல் நிற்கும். நாம் பலம் போட்டுத் திருப்புவோம், ஒடியும்.

ஆகவே பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுபோய் வெட்டுங்கள். அதைத் தினமும் பயன்படுத்தாமல் தாய்ச்சாவியாக வைத்துவிடுங்கள். ஒரே தடவையில் இரண்டு வெட்டிக்கொள்வது நல்லது. வெற்றுச் சாவி பித்தளையா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டீல் சாவி ஒடியாது என்று சொல்லி விற்பார்கள். சுலபத்தில் ஒடியாது, சரி. ஆனால் பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் பெரும்பாலும் பித்தளை. கடினமான சாவி அவற்றைத் தேய்த்துவிடும். 30 ரூபாய் குறைகிறது என்று வார்ப்புச் சாவியை மட்டும் வாங்காதீர்கள். மேல்மலைக்குப் போய்வருகிறவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன்.

வெட்டியதும் பற்களின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதை மெல்லிய அரத்தால் சீவிவிடச் சொல்லுங்கள். பிறகு கடை வாசலிலேயே இக்னிஷன், ஹேண்டில் லாக், டேங்க், சீட் எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். இக்னிஷனில் திரும்புகிற சாவி டேங்க் மூடியில் திரும்பாமல் போவது அடிக்கடி நடக்கும். ஊருக்குப் போய் அதைக் கண்டுபிடித்தால் மறுபடி இறங்கி வர வேண்டும். ஆர்.சி. கேட்காமல் வெட்டிக் கொடுக்கிற கடையைவிட, கேட்கிற கடையே நல்லது. அவர்கள் கேட்காமலே நீங்கள் காட்டிவிடுங்கள்.

சில வண்டிகளில் சாவித்துளையை மூடும் காந்தக் கதவு உண்டு, அதைத் திறக்கச் சாவித்தலையின் நுனியில் ஒரு சின்ன காந்தம் இருக்கும். சாதாரண வெற்றுச் சாவியில் அது இருக்காது. பழைய தலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். விலை உயர்ந்த சில வண்டிகளின் சாவித்தலைக்குள் சிப் இருக்கும். பல்லை மட்டும் வெட்டினால் பூட்டு திரும்பும், இஞ்சின் எழாது. அவற்றுக்கு இந்த வழி இல்லை.

மடக்குச் சாவி பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். பாக்கெட்டில் வளையாது, தொடையில் குத்தாது, உண்மைதான். ஆனால் திருப்பும் பலம் முழுவதும் ஒரு சின்ன கீலில் விழுகிறது. அது தளர்ந்தால் சாவி ஆட ஆரம்பிக்கும். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

## நம்பர் வைத்து ஷோரூம் சாவி

புது வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் நம்பர் பொறித்துக் கொடுப்பார்கள், சிலவற்றில் சாவியிலேயே இருக்கும். அந்த நம்பரை வைத்து வெட்டும் சாவிக்குத் தேய்ந்த மாதிரி தேவையில்லை. ஃபேக்டரியிலிருந்து வந்த அதே அளவு கிடைக்கும். பூட்டு நன்றாக இருந்து, சாவிகள் எல்லாம் தேய்ந்துவிட்டன என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை.

தொல்லை தூரமும் நாளும்தான். உங்கள் வண்டிக்கான பெரிய ஷோரூம் திண்டுக்கல்லிலோ பழனியிலோ தேனியிலோ இருக்கலாம். ஆர்.சி., அடையாள அட்டை நகல் கொடுத்து ஆர்டர் போட ஒருமுறை, வாங்க ஒருமுறை இறங்க வேண்டும். சில கம்பெனிகள் சாவியைத் தனியாகத் தருவதில்லை, லாக் செட்டாகத்தான் வாங்கச் சொல்கிறார்கள். கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள். நம்பர் தகடு தொலையும் முன் இன்றைக்கே செல்போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள், பார்க்கிறவர் எவரும் உங்கள் வண்டிக்குச் சாவி செய்துகொள்ளலாம்.

## இக்னிஷன் பூட்டு மட்டும்

இக்னிஷன் பூட்டு மட்டும் கெட்டு, டேங்கும் சீட்டும் நன்றாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. இனிமேல் இரண்டு சாவி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய வண்டிக்கு, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் விற்கப் போகிறவருக்கு இது பொருத்தம். பழைய சாவிக்கும் ஒரு டூப்ளிகேட் இருக்கட்டும்.

## முழு லாக் செட்

சாவி ஓடும்போதே கழன்று விழுகிறதா? எந்தச் சாவியைப் போட்டாலும், ஏன் ஸ்க்ரூடிரைவரைப் போட்டாலும் திரும்புகிறதா? இருந்த சாவிகள் எல்லாம் தொலைந்து, யார் கையில் இருக்கிறதென்று தெரியவில்லையா? இந்த மூன்றில் ஒன்று என்றால் யோசிக்காமல் லாக் செட்டை மாற்றுங்கள். இரண்டு புதுச் சாவி, எல்லாப் பூட்டும் புதிது, திருட்டுப் பயமும் போகும்.

ஆனால் பல இடங்களில் தேவையே இல்லாமல் மாற்றச் சொல்கிறார்கள். துண்டை எடுக்கும் பொறுமையோ கருவியோ இல்லாததும் அதற்கு ஒரு காரணம். வண்டியைக் கொடுக்கும் முன், "துண்டை எடுத்துப் பாத்தீங்களா, இரண்டாவது சாவி போட்டா திரும்புதா?" என்று கேளுங்கள். திரும்புகிறது என்றால் பூட்டு உயிரோடுதான் இருக்கிறது.

வாங்குவதாக முடிவு செய்தால் கம்பெனி செட் வாங்குங்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பது டேங்க் மூடிக்காக. மலிவு செட்டில் வரும் மூடியின் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் மலையில் நாள் முழுக்க மழை பெய்யும்போது தண்ணீர் டேங்குக்குள் கசியும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரோடு சேரும், அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். அப்புறம் வண்டி இழுக்காது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். செட்டில் மிச்சம் பிடித்த 600 ரூபாய் அங்கே போய்விடும்.

கூலியையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் இக்னிஷன் பூட்டைக் கழற்ற முடியாத போல்ட் வைத்து இறுக்கியிருப்பார்கள், இறுக்கியதும் அதன் தலை ஒடிந்து விழுந்துவிடும். திருடன் கழற்றக் கூடாது என்பதற்காகச் செய்தது. அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடியும், அதற்குக் கூலி கூடுதல். வேலை முடிந்ததும் பில்லை வாங்கி இன்சூரன்ஸ் தாளோடு வையுங்கள். இரண்டு சாவியும் ஏன் புதிதாக இருக்கின்றன என்று பின்னால் யாரும் கேட்டால் அதுதான் பதில்.

## டைரக்ட் பண்ணி ஓட்டுவது

பூட்டை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்து, அதாவது டைரக்ட் பண்ணி, மறைவாக ஒரு சுவிட்ச் வைத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் இதை ஒரு வழியாகவே எண்ணமாட்டேன். ஹேண்டில் பூட்டியிருந்தால் ஒயரால் ஒன்றும் ஆகாது. மழையில் ஒட்டுப்போட்ட இடத்தில் ஈரம் ஏறி ஷார்ட் ஆகும், வண்டியை யாரும் எடுத்துப் போகலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், அவற்றில் ஒயரில் கைவைத்தால் கம்ப்யூட்டர் பெட்டியே போகலாம். இருட்டில் மாட்டிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக் வந்து கடைவரை கொண்டுபோகச் செய்தால் சரி. மறுநாள் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

சாவியே இல்லாத வண்டி வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஹோண்டா 2023 ஜனவரியில் ஆக்டிவாவில், பூட்டில் போடத் தேவையில்லாத ஸ்மார்ட் சாவி கொண்டுவந்தது, வேறு சில வண்டிகளிலும் வந்திருக்கிறது. ஒடிவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாவிக்குள் பேட்டரி இருக்கிறது, நனையவும் கூடாது, தொலைந்தால் பல ஆயிரம். புது வண்டி வாங்கும்போது யோசிக்கலாம், ஒடிந்த சாவிக்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

## மூவரும் என்ன செய்தார்கள்

டீச்சரின் ஸ்கூட்டரில் துண்டை எடுத்ததும், வீட்டிலிருந்த இன்னொரு சாவிக்கு எல்லாப் பூட்டும் நன்றாகத் திரும்பின. சீட்டுக்கு அடியில் நோட்டுக் கட்டுகளும் ரெயின்கோட்டும் திணித்து, மேலே முட்டிக்கொண்டிருந்த சீட்டைச் சாவியால் திறந்ததுதான் காரணம். சீட்டை ஓர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருப்பினால் தாழ் தளர்ந்து சுலபமாகத் திறக்கும். 240 ரூபாய்க்கு இரண்டு பித்தளைச் சாவி வெட்டினார். லாக் செட் வாங்கவில்லை.

பூம்பாறைத் தம்பியிடம் சாவி நம்பர் பொறித்த தகடும் இருந்தது, பயன்படுத்தாத சாவியும் இருந்தது. நான் ஷோரூம் சாவிக்கு ஆர்டர் போடச் சொன்னேன். தோட்ட வேலைக்கு நடுவில் இரண்டு தடவை இறங்க முடியாது என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொடைக்கானல் வந்தபோது டூப்ளிகேட் வெட்டிக்கொண்டான். அவன் நிலைமைக்கு அதுவும் சரிதான். பூட்டைக் கழுவிப் பென்சில் தேய்க்க வைத்தேன். நான் செய்வது போலவே அவனும் இன்னொரு சாவியை வேறு ஊரில் கொடுத்து வைத்திருக்கிறான். என்னுடையது ஒன்று பூம்பாறை டீக்கடை அக்காவிடம் இருக்கிறது, அவனுடையது மன்னவனூரில் சித்தப்பா வீட்டில்.

பெரியவருக்குத்தான் செலவு. தேய்ந்த பூட்டுக்கு வேறு வழி இல்லை, கம்பெனி லாக் செட் 1,650, கூலி 400. வத்தலக்குண்டில் மாற்றிக்கொண்டு மேலே வந்தவர், புதுச் சாவியையும் அதே கொத்தில் மாட்டியிருந்தார். நான் எடுத்துச் சொன்னதும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பூண்டு எடுக்கப் போனபோது பித்தளை வேல் வீட்டுச் சாவியோடு கதவுப்பக்க ஆணியில் தொங்கியது. வண்டிச் சாவியில் பழைய நூல் மட்டும் இருந்தது.